எந்தத் தோளு உனக்கு?

"எந்தத் தோளு உனக்கு?"

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் அப்பா, எதிரே நின்ற ஆளிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அந்த ஆள் அப்பாவைக் குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்க வைக்கவும், நாற்காலியில் உட்கார வைக்கவும் வேலைக்கு வந்தவர். பை நிறையக் கையுறை கொண்டுவந்திருந்தார். பிரஷர் பார்க்கத் தெரியும், சர்க்கரை பார்க்கத் தெரியும் என்று சொல்லத் தயாராக வந்திருப்பார் போல. தோளைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"புரியலீங்க பெரியவரே."

"தூக்கத்தானே வந்துகிற? இடத்தோளா, வலத்தோளா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்தேன்.

"ரெண்டும்தாங்க," என்றார் பாவம்.

"ரெண்டு தோளும்ன்றவனுக்கு ஒரு தோளும் கெடையாது," என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "காப்பி குடுத்து அனுப்புடா."

காப்பி குடித்துவிட்டுப் போனார். கையுறைப் பையை மறந்துவிட்டுப் போய், மறுநாள் வந்து வாங்கிக்கொண்டு போனார். உள்ளே வரவில்லை. வாசலிலிருந்தே கை நீட்டினார்.

இடுப்பு நலம்

போன வாரம் இந்தப் பத்தியை என் மனைவி கோமதியின் இடுப்பு பிடித்துக்கொண்ட இடத்தில் நிறுத்தியிருந்தேன். அப்பாவைத் தனியாகத் தூக்கி உட்கார வைக்கப் போய் வந்த வினை அது. இடுப்பு இப்போது தேவலை. விசாரித்து எழுதிய சகோதரிகளுக்கு நன்றி. கடுகு எண்ணெய், நொச்சி இலை, உப்பு ஒத்தடம் என்று வந்த எல்லா வைத்தியத்தையும் கோமதியிடம் படித்துக் காட்டினேன். "இதுல ஒண்ணாவது ஆம்பளைங்க எழுந்து செய்யற மாதிரி இருக்குதா?" என்று கேட்டாள். அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன மார்கழியில் ஒரு நாள் விடியலில் பல் துலக்கப் போனவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வலது பக்கம் தளர்ந்துவிட்டது. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அனுப்பும்போது டாக்டரம்மா என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "ஒரு நாளைக்கு நாலு தடவை எழுப்பி உட்கார வைக்கணும். படுத்தே இருந்தா முதுகு புண்ணாயிடும். புண்ணு வந்துட்டா அப்புறம் என்கிட்ட கொண்டாந்து பிரயோஜனம் இல்லை."

நாலு தடவை. பட்டுக்கடையில் சேலை மடிக்கிற வேலை எனக்கு. ஒரு நாளைக்கு இருநூறு சேலை மடித்துவிடுவேன். ஒரு அப்பாவை நாலு தடவை எழுப்ப என்னால் முடியவில்லை.

தோள் என்றால் என்ன

தோள் கதையைச் சொல்லாவிட்டால் நீங்கள் என் அப்பாவைக் கிறுக்கு என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் ஒரு சின்ன அம்மன் கோயில் உண்டு. ஆடி மாதம் அம்மன் வீதி வருவாள். தேர் எல்லாம் கிடையாது. இரண்டு நீளத் தண்டு, நடுவில் பலகை, பலகை மேல் தாய். எட்டுப் பேர் தோள் கொடுத்துத் தூக்குவார்கள். அப்பா தறி நெய்தது வயிற்றுக்கு. தூக்கியது அம்மனுக்கு. ஐம்பது வருஷம் முன்தண்டில் இடப்பக்கம் அவருடைய இடம்.

தூக்குகிறவர்களுக்குச் சில வழக்கம் உண்டு. இடத்தோள்காரன் ஆயுசுக்கும் இடத்தோள்தான். மாற்றிக்கொள்ளக் கூடாது. ஜோடி ஆட்கள் ஒரே உயரம் இருக்க வேண்டும். தூக்கும்போது முன்தண்டில் இடப்பக்கம் நிற்பவர் குரல் கொடுப்பார்: "தாயே, எழுந்தருளம்மா." மற்ற ஏழு பேரும், "பிள்ளைங்க இருக்கோம்" என்பார்கள். அந்தச் சொல் முடியும்போது பலகை ஒரே சீராக மேலே போயிருக்க வேண்டும். தட்டில் வைத்த சூடம் அணையக் கூடாது.

அப்பாவின் இடத்தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு இருக்கிறது. சின்ன வயதில் நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தூங்குவேன். விபூதியும் நல்லெண்ணெயும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கட்டி என்று எழுதப் போனார். அப்பா குழறிய நாக்கோடு, "அது கட்டி இல்ல, தாயி உக்காந்த எடம்," என்றார். அந்தத் தம்பி அதையும் எழுதிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவரை இன்னொருத்தர் தூக்க வேண்டும் என்றால் கேள்வி கேட்கத்தானே செய்வார்?

அம்மனைக் கேட்டேன்

நான் எதையும் அம்மனைக் கேட்காமல் செய்வதில்லை. மகளுக்கு வரன் வந்தபோது கேட்டேன். மிக்சி வாங்கும்போதுகூட, எந்தக் கலர் என்று கேட்டிருக்கிறேன். இரண்டு சீட்டு எழுதிச் சுருட்டித் தாயின் பாதத்தில் வைத்துவிட்டால் பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

ஆள் தேடியபோது இரண்டு பேரைப் பற்றித் தெரியவந்தது. இரண்டு பேரையும் சீட்டில் எழுதி வைத்தேன். வந்த சீட்டுக்காரர்தான் கையுறைக்காரர். அவர் போனபிறகு, சரி, அடுத்தவர்தான் தாயின் எண்ணம் போலிருக்கிறது என்று இரண்டாமவரை வரவழைத்தேன்.

அவர் நல்ல மனிதர். இடத்தோள் என்று சரியாகவும் சொன்னார். ஆனால் ஆள் குள்ளம். அப்பா என்னை அவர் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நின்றேன். என் தோளுக்கு அவர் தலை இருந்தது.

"ஜோடி சேராது," என்றார் அப்பா. "ஒரு பக்கம் சாஞ்சி நான் கீழ வுழுவேன்."

"தூக்கப்போறது அவர் ஒருத்தர்தாம்பா. நான் கடைக்குப் போயிடுவேனே."

"ஒத்தையா தூக்கறது பொணத்தக்கூட கெடையாது," என்றார்.

இரண்டாவது காப்பியும் செலவாயிற்று.

கோமதி பாயில் படுத்தபடியே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, ரெண்டு சீட்டு வெச்சீங்களே, ரெண்டும் வேணாம்னு மூணாவதா ஒண்ணு வெச்சீங்களா? அம்மா பாவம், இருக்கிறதுலதான் எடுத்துக் குடுப்பா."

எனக்கு அது தோன்றவே இல்லை.

தாம்பரத்திலிருந்து

என் தங்கை வசந்தா தாம்பரத்தில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். ஒருநாள் அப்பாவின் முதுகைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். இடுப்புக்கு மேலே ஒரு உள்ளங்கை அளவு சிவந்திருந்தது. தோல் இன்னும் கிழியவில்லை.

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "அண்ணா, நீ ஒண்ணும் நெனச்சிக்காத. இங்க பக்கத்துல ஒரு எடம் பாத்து வெச்சிருக்கேன். வயசானவங்களைப் பாத்துக்கற எடம். தோட்டமெல்லாம் இருக்குது. ஆடி முடியறவரைக்கும் பாரு. அதுக்குள்ள ஒரு ஆள் நிக்கலன்னா நான் வண்டி எடுத்துக்கினு வந்துடுவேன்," என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. அவளும் அந்தக் காய்ப்பைத் தொட்டுக்கொண்டு தூங்கியவள்தான்.

அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. போனை அணைத்த பிறகு, "அங்க அம்மன் வருவாளா?" என்றார்.

"எங்கப்பா?"

"அந்தத் தோட்டத்துக்கு."

நான் போனை சார்ஜரில் போட்டேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கேஸ் புத்தகத்தின் பின்னட்டை

மறுநாள் காலை கோமதி, "அந்த சிலிண்டர் கேஸ் புக்கைக் கொண்டாங்க," என்றாள். பின்னட்டையில் பென்சிலால் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட ஆளாம். அந்த நோயாளியைப் புரட்டிய விதத்தைப் பார்த்துவிட்டு அப்போதே வாங்கி வைத்திருக்கிறாள்.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்கதான் சீட்டு எழுதிக்கினு இருந்தீங்களே."

அப்படி வந்தவர் அருள்தாஸ். தாமல் பக்கம் ஊர். நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபது வருஷம் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர். வலது முட்டி தேய்ந்துபோனதும், படுக்கையில் கிடந்த தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு, அதிலேயே வேலை பழகி, இப்போது இதுவே தொழில். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை போட்டிருந்தார்.

"எந்தத் தோளு உனக்கு?" என்றார் அப்பா.

"இடத்தோளு நைனா. வலது முட்டி போயிடுச்சு, பளுவ அந்தப் பக்கம் எறக்க முடியாது." சொல்லிவிட்டு, "உங்களுக்கு எந்தத் தோளு?" என்று திருப்பிக் கேட்டார்.

இதுவரை யாரும் அப்பாவைத் திருப்பிக் கேட்டதில்லை. அப்பா நல்ல கையால் துண்டை விலக்கிக் காய்ப்பைக் காட்டினார். அருள் குனிந்து தன் பிடரியைக் காட்டினார். அங்கே தோல் தடித்து மாட்டுக் கழுத்து மாதிரி இருந்தது. அப்பா அதைத் துணி பார்க்கிற மாதிரி விரலால் தடவிப் பார்த்தார்.

"மூட்டைக்காரன்," என்றார். குரலில் ஒரு இளக்காரம். ஆனால் காப்பி கொடுத்து அனுப்பச் சொல்லவில்லை.

ஐம்பது கிலோவும் நூறு கிலோவும்

அருளின் முறை வேறு. அப்பாவின் முழங்காலைத் தன் முழங்காலால் அண்டை கொடுத்து, அக்குளில் கைவிட்டு, அணைத்து ஒரே சுழற்றில் நாற்காலியில் உட்கார வைப்பார். பார்க்க அழகாக இருக்கும். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"மூட்டை மாதிரி தூக்கறான்."

"மூட்டைதான் நைனா பழக்கம். அது பேசாது. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

தூக்கப் போகும்போதெல்லாம் அப்பா உடம்பை விறைத்துக்கொள்வார். விறைத்த உடம்பைத் தூக்குவது லேசு இல்லை. "மனசு வெச்சா நீங்க அம்பது கிலோ நைனா, வெக்கலன்னா நூறு," என்று அருள் மூச்சு வாங்குவார். நாலு தடவை இரண்டாயிற்று. முதுகின் சிவப்பு குறையவில்லை. ஆடி பாதி போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மன் கொடுத்த யோசனை என்றே நினைத்தேன். தாயின் மேல் பழி போட்டதற்கு அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அருளை வாசலுக்கு அழைத்து, தூக்கும்போது சொல்கிற சொல்லைக் கற்றுக்கொடுத்தேன். அதைக் கேட்டால் அப்பாவின் உடம்பு தானாக இளகிவிடும் என்று நினைப்பு.

அருள் தயங்கினார். "சாமிக்குச் சொல்றதாச்சே அண்ணே. மனுசனுக்குச் சொல்லலாமா?"

"நல்ல வார்த்தைதானே, சொல்லலாம்," என்றேன். தினமும் இரண்டு வேளை விளக்கு வைக்கிறவன் நான். சிலுவை போட்ட ஆளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அருள் கட்டிலருகே நின்று, "நைனா, எழுந்தருளுங்க," என்றார். நான் பின்னாலிருந்து, "பிள்ளைங்க இருக்கோம்," என்று உரக்கச் சொன்னேன்.

அப்பாவின் இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. ஐம்பது வருஷம் தண்டு பிடித்த கை. நானும் அருளும் சேர்ந்தும் ஒரு விரலைப் பிரிக்க முடியவில்லை. அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. சோறு வேண்டாம் என்றார். காப்பிக்கு மட்டும் வாய் திறந்தார். அடுத்த நாளும் அப்படியே. சிவப்பின் ஓரத்தில் தோல் நீர் கோத்து மினுமினுத்தது.

மூட்டைக்குச் சொல்கிற சொல்

இரண்டாம் நாள் சாயங்காலம் அருள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சிலுவை போட்ட நான் சொன்னதாலயா அண்ணே?" என்றார் மெதுவாக.

நானும் அதைத்தான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அப்படி இருந்துவிடக் கூடாதே என்று.

கோமதிக்குப் பயம் கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து வந்து கட்டிலருகே நின்றாள். "மாமா, அருள் சொன்னாருன்றதுதான் கோவமா? நேராச் சொல்லுங்க."

அப்பா அவளை ஏதோ தெரியாத ஊர்க்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அவன் சொன்னா இன்னா, எவன் சொன்னா இன்னா. யாருக்குச் சொன்னான்? எனக்கு." நாக்கு குழறியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அது தாயிக்குச் சொல்றதும்மா. அத்தச் சொல்லிக்கினே தோளு குடுத்தவன் நான். இப்ப எனக்கே அத்தச் சொல்லித் தூக்கினா, நாளைக்கு அவ எதுர்ல இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு நிப்பேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அருள் பையைக் கீழே வைத்தார்.

அதைப் பார்த்துவிட்டு அப்பாவே பேசினார். "அருளு, மூட்டை தூக்கறப்ப சத்தம் போடுவீங்களா?"

"போடுவோம் நைனா."

"இன்னா சத்தம்?"

அருள் கோமதியைப் பார்த்தார். "அது அவ்ளோ நல்ல சத்தம் இல்ல நைனா. அக்கா இருக்காங்க."

"என் காதுல சொல்லு."

அருள் குனிந்து காதில் சொன்னார். அப்பாவின் முகத்தில் வேலை செய்கிற பாதி மட்டும் மெல்ல விரிந்தது. பிறகு தோள் குலுங்கியது. மார்கழிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அதான் சரி. அத்தச் சொல்லித் தூக்கு. நான் மூட்டைதான்."

"வீட்டுல சாமி படம் இருக்குது," என்றாள் கோமதி.

பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முதல் பாதி, "ஏ ஏத்து ஏத்து" என்பதைச் சத்தமாகச் சொல்லலாம். மறுபாதி காதோடு. அன்றிலிருந்து நாலு வேளையும் அப்படித்தான். மறுபாதியைக் கேட்டதும் அப்பாவுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கிற உடம்பு விறைக்காது. ஐம்பது கிலோ, அதற்கு மேல் ஒரு குண்டுமணி கிடையாது. பத்து நாளில் முதுகு தெளிந்தது.

அந்த மறுபாதி என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோமதிக்குத் தெரியும் போலிருக்கிறது. அவள் அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குப் போய்விடுவாள், ஆனால் அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம் வரும்.

தாய் வந்தாள்

கடைசி ஆடி வெள்ளி. விளக்கு வைத்த நேரம். அருள் அப்பாவைத் தூக்கி வாசலில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். கோமதி போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். போனுக்குள் வசந்தா.

அம்மன் எங்கள் வாசலில் நின்றாள். தண்டை முட்டுக்கோலில் நிறுத்தித் தீபாராதனை ஆயிற்று. மறுபடி தூக்க வேண்டும். இந்த வருஷம் முன்தண்டில் எல்லாம் புது ஆட்கள். மேளச் சத்தத்தில் முன்தண்டுக்காரரின் குரல் பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு பேர் முந்தினார்கள், மற்றவர்கள் பிந்தினார்கள். பலகை சாய்ந்தது. தாயின் மாலையிலிருந்து ஒரு கொத்து அரளி கீழே விழுந்தது. அவசரமாகத் தண்டை மறுபடி கோலில் வைத்தார்கள்.

"தாயே, எழுந்தருளம்மா."

நாற்காலியிலிருந்து வந்தது குரல். வார்த்தை குழறித்தான் வந்தது. ஆனால் நீட்ட வேண்டிய இடத்தில் நீண்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நின்றது. மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார்.

"பிள்ளைங்க இருக்கோம்," என்றார்கள் எட்டுப் பேரும். நானும் சொன்னேன். என் பக்கத்தில் அருளின் குரலும் கேட்டது. பலகை சீராக மேலே போயிற்று. சூடம் அணையவில்லை.

அம்மன் தெரு திரும்பினாள். பிறகு போனுக்குள்ளிருந்து வசந்தா, "அண்ணா, யாரு அது கொரல் குடுத்தது?" என்றாள்.

"அப்பா."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அண்ணிக்கு இடுப்பு இப்ப எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள். தோட்டத்தைப் பற்றி அன்று பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

அப்பாவை உள்ளே கொண்டுபோகும் நேரம். அருள் குனிந்தவர், நினைவு வந்தவராக, "நைனா, நாளன்னிக்கு ஞாயித்துக்கெழம காலைல கோயிலுக்குப் போயிட்டு லேட்டாத்தான் வருவேன். மாதா தேருக்கு ஆள் பிரிக்கறாங்க," என்றார்.

"இன்னா தேரு?"

"எங்க ஊர் மாதா தேரு. தோள்லதான் தூக்குவோம். பன்னெண்டு பேரு."

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தத் தோளு?"

"இடத்தோளுதான். முன்னாடி."

"இத்த மொத நாளே சொல்றதுக்கு இன்னாடா?"

"நீங்க தோளத்தான் கேட்டீங்க நைனா. எதத் தூக்கினதுன்னு கேக்கலியே."

அப்பா யோசித்தார். "அங்க தூக்கறப்ப இன்னா சத்தம் குடுப்பீங்க?"

அருள் சிரித்துக்கொண்டே அப்பாவின் முழங்காலுக்குத் தன் முழங்காலை அண்டை கொடுத்தார். "அது மாதாவுக்கு நைனா. உங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

அப்பா தலையை ஆட்டினார். சரியான விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து வாத்தியார் ஆட்டுவாரே, அப்படி.

"சரி," என்றார். "மூட்டையைத் தூக்கு."